வேலைக்குப் போய்க்கொண்டே நீட்: மணிநேரத்தை எண்ணித் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் டூ முடித்து, நீட்டில் மதிப்பெண் போதாமல், வீட்டு நிலைமைக்காக வேலைக்குப் போனவர்கள் மறுபடி எழுத நினைத்ததும் முதலில் கையில் எடுப்பது ரிப்பீட்டர் பேட்ச் மாணவர்களின் டைம்டேபிளைத்தான். காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை படிப்பை மட்டுமே பார்ப்பவருக்காகப் போட்ட அட்டவணை அது. அதைப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டால் இரண்டாவது வாரமே பின்தங்கிவிடுவீர்கள். மூன்றாவது வாரம் அட்டவணை சுவரில் தொங்கும், புத்தகம் மூடியிருக்கும்.

வேலை பார்ப்பவர் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். கையில் மொத்தம் எத்தனை மணிநேரம் இருக்கிறது, அதில் எத்தனை மணிநேரம் மூளை தெளிவாக இருக்கும் நேரம் என்ற இரண்டு கணக்கையும் முதலில் போடுங்கள். எந்தப் பாடத்தை எப்போது படிப்பது, எதை விடுவது, எப்போது லீவு எடுப்பது எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

தொடங்கும் முன் தேர்வைப் பற்றி

2025இலிருந்து நீட் வினாத்தாளில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும், மொத்தம் 720. அதற்கு முன் சில வருடங்கள் இருந்த 200 கேள்வி, சாய்ஸ், கூடுதல் 20 நிமிடம் எல்லாம் போய்விட்டன. பழைய மாடல் பேப்பரை வைத்துப் பயிற்சி செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நேரக் கணக்கு அங்கேயே தப்பாகிவிடும்.

தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்குகிறது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். உச்ச வயது வரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள். அதனால் "இந்த வருடம் விட்டால் வயது போய்விடும்" என்ற பயத்தில் வேலையை விட வேண்டியதில்லை.

இன்னொன்று: போன வருடக் கட்-ஆஃப் மதிப்பெண்ணை இலக்காக வைக்காதீர்கள். 2024இல் திருத்திய முடிவில் 17 பேர் 720 வாங்கினார்கள். 2025இல் பிசிக்ஸ் கடினமாக வந்ததில் முதலிடமே 686தான். ஒரே மதிப்பெண் ஒரு வருடம் சீட் தரும், அடுத்த வருடம் தராது. 2025இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144ஆக இருந்தது. அந்த 144 கவுன்சிலிங்கில் விண்ணப்பிக்க மட்டும் உதவும், அரசுக் கல்லூரி சீட் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. உங்கள் வகுப்புப் பிரிவில் போன வருடம் கடைசி சீட் எந்த ரேங்குக்குப் போனது என்று மாநிலத் தேர்வுக்குழுவின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் பாருங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் போகும் ரேங்க் பொதுப் பட்டியலைவிட வெகுவாகத் தள்ளி முடியும். உங்கள் இலக்கே மாறுகிறது என்பதால் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

முதல் படி: மணிநேரக் கணக்கு

ஒரு வாரத்துக்கு, எதையும் மாற்றாமல், நீங்கள் வாழ்கிறபடியே நேரத்தைக் குறித்து வையுங்கள். எழுந்தது, கிளம்பியது, பஸ் ஏறியது, வேலை, திரும்பியது, போன் பார்த்தது, தூங்கியது. போன் நேரத்தை ஊகிக்க வேண்டாம், செட்டிங்ஸில் அதுவே காட்டும்.

எட்டு மணிநேர வேலையில் இருப்பவரால் வேலை நாளில் மூன்றரை மணிநேரம் படிக்க முடியும். ஆறு நாளுக்கு 21. வார விடுமுறையில் 7. ஆக வாரம் 28 மணிநேரம். ஜூலை கடைசியில் தொடங்கினால் மே முதல் ஞாயிறு வரை 40 வாரம் இருக்கிறது. 1,120 மணிநேரம் வருகிறது. தீபாவளி, பொங்கல், காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று சுமார் 15 சதவீதம் கழியும். மிச்சம் 950 மணிநேரம் என்று வையுங்கள்.

இப்போது மறுபக்கம். இப்போதைய என்சிஇஆர்டி (மத்திய அரசு வெளியிடும் பாடநூல்) புத்தகங்களில் பிசிக்ஸ் 28 அத்தியாயம், கெமிஸ்ட்ரி 19, பயாலஜி 32. மொத்தம் 79. சராசரியாக ஒன்றுக்கு 7 மணிநேரம் என்றால் 553. முழு மாதிரித் தேர்வு 25, ஒவ்வொன்றுக்கும் எழுத 3 மணி, திருத்தி அலச 3 மணி என்று 150. மிச்சமுள்ள சுமார் 250 திருப்புதலுக்கு. கணக்கு இறுக்கமாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது.

கணக்கில் இடைவெளியே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு விதமான நோட்ஸ், மூன்று யூடியூப் சேனல், நான்கு கைடு என்று போக இதில் இடம் கிடையாது. ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், ஒரு கேள்வித் தொகுப்பு. அவ்வளவுதான்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டிய ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பன்னிரண்டு மணிநேர வேலைக்கு மேல் நாளுக்கு ஒன்றரை மணிநேரம் கிடைத்தால் அதிகம். வாரம் 15 மணிநேரத்தில் ஒரே வருடத்தில் முழு பாடத்திட்டமும் முடியாது. ஒரு ஷிப்டோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் இதை இரண்டு வருடத் திட்டமாக வையுங்கள்: முதல் வருடம் பயாலஜி முழுவதும் கெமிஸ்ட்ரி பாதியும், இரண்டாம் வருடம் மிச்சம். ஒரு வருடத்தில் முடிப்பதாக நினைத்து நடுவில் உடைந்து போவதைவிட இது மேல்.

இரண்டாம் படி: எந்த நேரத்துக்கு எந்தப் பாடம்

எட்டு மணிநேரம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் இரவில் பிசிக்ஸ் கணக்கை எடுத்தால் ஒரே கணக்கில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பார். விடையைப் பார்ப்பார், "ஓ, இவ்வளவுதானா" என்பார், அடுத்த நாள் அதே கணக்கு வராது. காலையில் அதே கணக்குக்குப் பத்து நிமிடம் போதும். அதனால் தூங்கி எழுந்த முதல் இரண்டு மணிநேரம் பிசிக்ஸுக்கும், கெமிஸ்ட்ரியில் மோல் கருத்து, சமநிலை, வெப்ப இயக்கவியல், மின்வேதியியல் போன்ற கணக்குப் பகுதிகளுக்கும் மட்டும். மாலையில் பயாலஜி. கனிம வேதியியல் போன்ற நினைவில் வைக்க வேண்டியவை பஸ்ஸிலும் சாப்பாட்டு இடைவேளையிலும்.

காலை எட்டரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும் ஷிப்டுக்கு ஒரு நாள் இப்படிப் போகும்:

4:45 – எழுந்து முகம் கழுவி டீ. போன் வேறு அறையில்.
5:00 முதல் 7:00 – பிசிக்ஸ் அல்லது கெமிஸ்ட்ரி கணக்கு. நடுவில் ஐந்து நிமிடம் எழுந்து நடக்கலாம்.
8:30 முதல் 5:30 – வேலை. சாப்பாட்டு நேரத்தில் 15 நிமிடம் கார்டு (நினைவில் வைக்க வேண்டியதை எழுதி வைத்த சிறு அட்டைகள்).
6:00 முதல் 7:15 – குளியல், வீட்டு வேலை, வெறுமனே உட்காருதல். இந்த நேரத்தைப் படிப்புக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த ஒன்றரை மணிநேரம் உருப்படாது.
7:30 முதல் 9:00 – பயாலஜி.
9:45 – படுக்கை.

ஏழு மணிநேரத் தூக்கம் இதில் இருக்கிறது. ஐந்தாகக் குறைத்தால் முதல் வாரம் 14 மணிநேரம் லாபம் போலத் தெரியும். மூன்றாவது வாரம் காலைப் பிசிக்ஸ் நேரம் இரவு நேரத்தைப் போலவே மந்தமாகிவிடும். இருப்பதிலேயே விலை உயர்ந்த இரண்டு மணிநேரத்தைக் கெடுத்துவிட்டு மலிவான இரண்டு மணிநேரம் வாங்கியதாக ஆகும்.

நூற்பாலை, மருத்துவமனை லேப், கால் சென்டர் போல ஷிப்ட் மாறும் வேலை என்றால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எப்போது தூங்கி எழுந்தாலும் எழுந்த பின் வரும் முதல் இரண்டு மணிநேரம் பிசிக்ஸ். நைட் ஷிப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு வீடு வந்ததும் "ஒரு அரை மணிநேரம் படித்துவிட்டுப் படுப்போம்" என்பது வேண்டாம். நேராகப் படுங்கள், ஜன்னலுக்குக் கனமான துணி போடுங்கள். ஷிப்ட் மாறும் வாரத்தின் முதல் நாளில் புது அத்தியாயம் தொடங்காதீர்கள்.

மூன்றாம் படி: ஒரு அத்தியாயத்தை ஏழு மணிநேரத்தில் முடிப்பது

பிசிக்ஸில் மின்னோட்டவியலை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் காலை இரண்டு மணிநேரம் புத்தகப் பகுதி: இழுப்புத் திசைவேகம், மின்தடை எண், வெப்பநிலையோடு மின்தடை மாறுவது, மின்கலத்தின் அகமின்தடை, கிர்க்காஃப் விதிகள், வீட்ஸ்டன் சமனச்சுற்று. ஒவ்வொரு எடுத்துக்காட்டுக் கணக்கையும் விடையை மறைத்துவிட்டு நீங்களே போட வேண்டும். இரண்டாம் நாள் இரண்டு மணிநேரம் பயிற்சிக் கணக்குகள். மூன்றாம் நாள் ஒன்றரை மணிநேரம் அந்த அத்தியாயத்திலிருந்து முந்தைய வருடங்களில் வந்த 40 கேள்விகள், ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் வைத்து 60 நிமிடம், திருத்த 30 நிமிடம். மிச்சமுள்ள அரை மணிநேரத்தில் ஒரே ஒரு தாளில் சூத்திரங்கள், அலகுகள், நீங்கள் வழுக்கி விழுந்த இடங்கள். ஏழு நாள் கழித்து ஒரு மணிநேரம், தவறவிட்ட கேள்விகளை மட்டும் மறுபடி.

பலரும் விடுவது அந்தக் கடைசி ஒரு மணிநேரத்தைத்தான். அடுத்த அத்தியாயம் காத்திருக்கிறது என்ற அவசரத்தில் அதைத் தள்ளிப் போடுவார்கள். ஜனவரியில் திரும்பி வந்து பார்த்தால் அத்தியாயம் புதிதாக இருக்கும். அப்போது ஏழு மணிநேரமும் மறுபடி செலவாகும்.

பயாலஜிக்கு வேறு முறை. ஒரு பக்கம் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், அதிலிருந்து கேட்கக்கூடிய மூன்று விஷயத்தை எழுதுங்கள், திறந்து சரி பாருங்கள். களைத்த மாலையில் வெறுமனே வாசித்துக்கொண்டே போனால் கண் வரிகளின் மேல் ஓடும், மனம் எங்கோ இருக்கும். ஹைலைட்டர் அதை மறைக்கும்: பக்கம் முழுக்க மஞ்சள், மனதில் ஒன்றும் இருக்காது. பொருத்துக, கூற்று–காரணம், சரியான வாக்கியங்களைத் தேர்ந்தெடு ஆகிய வகைகளே இப்போது அதிகம் வருகின்றன. அவற்றில் ஒரு பெயர், ஒரு எண், ஒரு "மட்டும்" மாறினால் விடை மாறும். படங்களின் பாகக் குறிப்பையும் அட்டவணைகளையும் விடாதீர்கள்.

360 மதிப்பெண் பயாலஜியில் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால் முதலில் பார்ப்பதும் பயாலஜி மதிப்பெண்ணைத்தான். வேலை பார்ப்பவர் நம்பி நிற்கக்கூடிய தளம் இது. நேரம் குறைந்தவர் முழுத்தேர்ச்சி பெற வேண்டிய பாடம் ஒன்று என்றால் அது இதுவே. மனித உடற்செயலியல், மரபியல், சூழ்நிலையியல் மூன்றிலும் ஒரு வரி மிச்சம் வைக்க வேண்டாம்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் ஓட்டைகள்

2024 தேர்வுக்காகப் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. செரிமானம், தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம், திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், பல்படிகள், எஸ்-தொகுதி போன்றவை போய்விட்டன. பழைய கைடு வைத்திருப்பவர்கள் இன்னும் இவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) வெளியிட்ட பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள், அதில் இல்லாததைத் தொடாதீர்கள்.

மறுபுறமும் ஒரு சிக்கல் உண்டு. பி-தொகுதித் தனிமங்கள் நீட் பாடத்திட்டத்தில் இருக்கின்றன, இப்போதைய சுருக்கிய என்சிஇஆர்டியில் இல்லை. மால்வேசி, கிராமினே போன்ற தாவரக் குடும்பங்களும் அப்படித்தான். கெமிஸ்ட்ரியில் உப்பு ஆய்வு, தரம்பார்த்தல், பிசிக்ஸில் வெர்னியர், திருகு அளவி போன்ற செய்முறைத் திறன் அலகுகள் தனியாக உள்ளன. இவற்றுக்குப் பழைய பதிப்போ நம் மாநிலப் பாடநூலோ கைகொடுக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து வரும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. என்சிஇஆர்டி தமிழில் வராததால் மாநிலப் பாடநூலை முதன்மையாக வைத்து, அத்தியாயம் முடிந்ததும் என்சிஇஆர்டியின் அதே அத்தியாயத்தைப் புரட்டுங்கள். கூடவே உந்தம்–மொமென்டம், திருப்புவிசை–டார்க், குன்றல் பகுப்பு–மியாசிஸ் என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இருபது சொல் எழுதி வைத்தால் தேர்வறையில் தடுமாற்றம் இருக்காது.

நான்காம் படி: முதலாளியிடமும் வீட்டிலும் பேசுவது

இதைத்தான் எல்லோரும் கடைசிவரை தள்ளிப் போடுகிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி போய் லீவு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். வேலையில் சேரும்போதே, அல்லது ஆகஸ்ட் மாதத்திலேயே சொல்லி வையுங்கள். வெறும் கோரிக்கையாக வேண்டாம், பதிலுக்கு ஏதாவது கொடுத்துக் கேளுங்கள்:

"அண்ணே, மே மாசம் முதல் ஞாயிறு எனக்கு நீட் பரிட்சை. ஏப்ரல், மே ரெண்டு மாசம் லீவு வேணும். இப்பவே சொல்லி வைக்கிறேன், சம்பளம் வேண்டாம். தீபாவளி சீசன்ல ஒரு நாள்கூட லீவு போட மாட்டேன், ஓவர்டைமும் பார்க்கிறேன். மே கடைசியில திரும்ப வந்துடுவேன்."

சம்பளமில்லா லீவு என்றால் பணக் கணக்கும் உண்டு. வீட்டுக்கு மாதம் 8,000 கொடுப்பவர் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 16,000 சேர்க்க வேண்டும். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை எட்டு மாதம், மாதம் 2,000. தீபாவளி போனஸை இதில் போட்டால் மாதத்துக்கு இன்னும் குறையும். இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். வீட்டில் ஒரு அவசரம் என்று ஜனவரியில் கரைந்துவிட்டால் ஏப்ரல் லீவும் சேர்ந்து கரையும்.

அதில் ஏப்ரல் மாத லீவின் மதிப்பு: நாளுக்கு எட்டு மணிநேரம் படித்தால் 240. வேலைக்குப் போய்க்கொண்டே என்றால் 120தான் கிடைக்கும். கூடுதலாக வரும் 120 மணிநேரம்தான் பின்தங்கிய அத்தியாயங்களையும் கடைசித் திருப்புதலையும் தாங்கும். முழு மாதம் கிடைக்கவில்லை என்றால் கடைசி இரண்டு வாரமாவது.

வீட்டில் பேசுவது இதைவிடக் கடினம், குறிப்பாகப் பெண்களுக்கு. வேலையிலிருந்து வந்ததும் சமையல், துணி, தம்பி தங்கையின் வீட்டுப்பாடம் என்று மாலை போய்விடும். "எனக்குப் படிக்கணும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் பலன் இருக்காது. காலை 5 முதல் 7 வரையும் மாலை 7:30 முதல் 9 வரையும் என்று நேரத்தைச் சொல்லி, அதற்கு வெளியே எந்த வேலை உங்கள் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலை டிபன் உங்கள் பொறுப்பு என்றால் இரவே மாவு, காய் தயார் செய்து வைக்கலாம், அல்லது இரவுச் சமையலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் போக முடியாது. நெருங்கிய சொந்தத்தில் நான்கு விசேஷத்தை இப்போதே தேர்ந்தெடுத்து, மற்றவற்றுக்கு வீட்டிலிருந்து வேறு ஒருவர் போவதாகப் பேசி முடித்துவிடுங்கள்.

கல்லூரியில் பி.எஸ்ஸி., நர்சிங், பார்மசி படித்துக்கொண்டே எழுதுபவர்களுக்குச் சிக்கல் வேறு. ஏப்ரல்–மே செமஸ்டர் தேர்வும் செய்முறைத் தேர்வும் நீட்டோடு மோதும். அந்த செமஸ்டரின் இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு எல்லாவற்றையும் பிப்ரவரிக்குள் முடியுங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி லீவைக் கணக்கிட்டு எடுங்கள். அரியர் விழுந்தால் பரவாயில்லை என்று துணிபவர்கள் உண்டு. நீட்டும் கைகொடுக்காவிட்டால் இரண்டு பாரத்தையும் அவர்களே சுமக்க வேண்டிவரும்.

ஐந்தாம் படி: மாதவாரியாக

ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரை பதினொன்றாம் வகுப்பு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கூடவே பயாலஜி. பதினொன்றைத் தவிர்த்துப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து தொடங்குவது பெரிய தப்பு. இயங்கியலும் மோல் கருத்தும் கரிம வேதியியலின் அடிப்படையும் இல்லாமல் பின்னால் எதுவும் ஒட்டாது.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் கடைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள் புது அத்தியாயமே தொடக்கூடாது. அந்த நாட்களில் வருவது சோர்வும் வீண் குற்ற உணர்வும்தான். கார்டுகளும் பழைய தவறுகளும் மட்டும், நாளுக்கு முக்கால் மணிநேரம். இதைத் திட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டால் "விட்டுவிட்டேன்" என்ற எண்ணம் வராது.

தீபாவளிக்குப் பின் பிப்ரவரி வரை பன்னிரண்டாம் வகுப்பு. டிசம்பர் கடைசியில் ஒரு நிறுத்தம்: 79இல் 45 அத்தியாயமாவது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் அப்போதே வெட்டுங்கள். பிசிக்ஸில் சுழல் இயக்கம் போல நேரம் தின்னும் இரண்டு மூன்று அத்தியாயங்களின் கடின கணக்குகளை விடலாம், நேரடிச் சூத்திரக் கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். குறைக்கடத்தி, அணு, அணுக்கரு, இருமைப் பண்பு, அலகுகள் ஆகியவற்றை விடக்கூடாது. சிறியவை, எளியவை. பிசிக்ஸை மொத்தமாகக் கைவிட்டு மற்ற இரண்டில் எடுத்துவிடலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். 180 மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்தால் போட்டிப் பட்டியலில் எழுந்து நிற்க முடியாது.

ஆறாம் படி: மாதிரித் தேர்வும் தவறு நோட்டும்

டிசம்பர், ஜனவரியில் நான்கு. பிப்ரவரி, மார்ச்சில் வாரம் ஒன்றாக எட்டு. ஏப்ரலில் வாரம் மூன்றாக 13. எல்லாமே மதியம் 2 முதல் 5 வரை. சாப்பிட்டதும் கண் சொக்கும் நேரம் அது. வேலை நாளில் அந்த நேரத்தில் உடல் ஓடிக்கொண்டிருந்திருக்கும், உட்கார்ந்து யோசித்த பழக்கம் இருக்காது. வார விடுமுறையில் இதைப் பழக்கப்படுத்த வேண்டும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் கடைசி மூன்று வாரத்துக்காவது பகல் ஷிப்டுக்கு மாற்றல் கேளுங்கள்.

ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து, கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் நிரப்புங்கள். மொபைலில் தேர்வு எழுதிப் பழகியவர்களுக்கு 180 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்பது தேர்வறையில்தான் தெரிகிறது. நிரப்பியதை அழிக்க முடியாது. பயாலஜிக்கு 50 நிமிடம், கெமிஸ்ட்ரிக்கு 50, பிசிக்ஸுக்கு 60, மிச்சம் 20 நிமிடம் என்று வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். கடைசி பத்து நிமிடத்தில் மொத்தமாக வட்டம் நிரப்புவது ஆபத்து. ஒரு வரிசை தள்ளிப்போனால் தொடர்ந்து முப்பது கேள்வி போய்விடும். பக்கத்துக்குப் பக்கம் நிரப்புங்கள்.

நெகட்டிவ் மார்க் பற்றி. நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டால் சராசரி லாபம் கால் மதிப்பெண், அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டால் சராசரி லாபம் ஒன்றரை மதிப்பெண். எனவே இரண்டை நீக்க முடிந்தால் போடுங்கள். "உறுதியாக" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மாதிரித் தேர்வில் இப்படி ஊகித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள், பின்னர் எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் சரியாக வருகிறதென்றால் உங்கள் ஊகத்தை நம்பலாம்.

தேர்வுக்கு மறுநாள் தவறு நோட்டு. நான்கு காரணம் போதும்: படிக்கவே இல்லை, படித்தது மறந்தது, கணக்கில் பிழை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. நான்கு தேர்வு முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். "மறந்தது" அதிகமென்றால் புது அத்தியாயத்தை நிறுத்திவிட்டுத் திருப்புதலுக்கு நேரம் ஒதுக்குங்கள். "சரியாகப் படிக்கவில்லை" என்பது அதிகமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் தூக்கம்தான், முந்தைய இரவு எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள் என்றும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

விண்ணப்பமும் சான்றிதழ்களும்

2025 தேர்வுக்குப் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை விண்ணப்பம் திறந்திருந்தது. பொதுப்பிரிவுக்குக் கட்டணம் 1,700, ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000. கடை ஆளிடம் கொடுத்து நிரப்பினாலும் உங்கள் சொந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும்தான் போக வேண்டும். கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் பின்னால் ஓடிபி, ஹால் டிக்கெட், கவுன்சிலிங் எல்லாமே அவரிடம் போய் நிற்க வேண்டிவரும். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று நவம்பரிலேயே பாருங்கள்.

அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களில் ஓபிசி பிரிவில் கேட்பவர்களுக்கு மத்திய அரசு வடிவத்திலான ஓபிசி சான்றிதழ் தேவை. நம் ஊர் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர்ந்து வர நாட்கள் ஆகும். வேலையை விட்டு அலைய வேண்டியிருக்கும் என்பதால் இதை ஏப்ரலுக்கு வைக்காதீர்கள், தீபாவளிக்குப் பின் வேலை மந்தமான வாரத்தில் முடியுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் இப்போது படிக்கும் கல்லூரியில் இருந்தால் போனஃபைட் சான்றிதழ் எப்படி வாங்குவது என்று அலுவலகத்தில் முன்பே கேட்டு வையுங்கள்.

தேர்வு நாளுக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அரைக்கைச் சட்டை, செருப்பு, ஹால் டிக்கெட், புகைப்படம், ஒரிஜினல் அடையாள அட்டை. பேனா அங்கேயே தருவார்கள். 1:30க்கு கேட் மூடிவிடும், அதன் பின் எந்தக் காரணமும் செல்லாது. ஹால் டிக்கெட் வந்து மையம் தெரிந்ததும் அங்கு வரை பஸ்ஸில் போய் நேரம் பார்த்து வாருங்கள்.

சொன்னபடி மே கடைசியில் வேலைக்குத் திரும்பலாம், ஆனால் லீவை மொத்தமாகத் தீர்த்துவிடாதீர்கள். முடிவு வரும் சமயத்தில் மாநில ஒதுக்கீட்டுக்கும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சுற்றுக்குச் சுற்று விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒதுக்கீடு வந்தால் சில நாட்களுக்குள் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். இதற்கென்று ஐந்தாறு நாள் லீவைக் கையில் வையுங்கள். எம்பிபிஎஸ் கிடைக்காவிட்டாலும் பல் மருத்துவம், சித்தா, ஓமியோபதிக்கு இதே நீட் மதிப்பெண்தான். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களும் பி.எஸ்ஸி. நர்சிங்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணில் போகின்றன. அவற்றின் விண்ணப்பத் தேதிகள் நீட் முடிவுக்காகக் காத்திருக்காது, தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.